வண்டிக்கடியில் ஒரு தட்டு

— டார்ச்ச ஆட்டாம பிடி டீச்சரம்மா. நான் என்ஜினைப் பார்க்கணும், நீ சுவத்துக்கு வெளிச்சம் காட்டுற.

— கை கடுக்குதுங்க. எவ்வளவு நேரம் குனிஞ்சே நிக்கிறது? அன்னைக்கே மெக்கானிக்கிட்ட விட்டிருந்தா இந்தக் கூத்து உண்டா?

— பார்த்துக்கலாம்னு இருந்தேன்.

— உங்க பார்த்துக்கலாம் எனக்குத் தெரியாதா? கூலண்ட் டப்பாவா வாங்கி வாங்கி ஊத்துனீங்களே தவிர, எங்க ஒழுகுதுன்னு ஒரு நாள் குனிஞ்சு பார்த்தீங்களா?

— இப்போ பார்க்கிறேன்ல? அந்த பவுடர் டப்பாவைக் குடு.

— என் பவுடரா? எதுக்கு?

— ரேடியேட்டர் ஹோஸ் குழாய் எல்லாத்தையும் துடைச்சு வச்சிருக்கேன். மேல பவுடர் தூவி வண்டிய கொஞ்சம் ஓட விட்டா, ஒழுகுற இடத்துல ஈரமாகி கோடு விழும்.

— பொண்டாட்டிக்கு ஒரு பவுடர் வாங்கித் தரத் துப்பில்லை, என்ஜினுக்கு அலங்காரம். ம், தூவுங்க.

— போய் சாவியைத் திருப்பு. நியூட்ரல்ல இருக்கான்னு பார்த்துட்டுத் திருப்பு, என் மேல ஏத்திடாத... அப்படியே விடு... இன்னும் கொஞ்சம்... போதும் போதும், நிறுத்து! மாட்டிக்கிச்சு.

— எங்க?

— கீழ் ஹோஸ், அதை இறுக்குற கிளாம்ப் பக்கத்துல. பவுடர்ல கோடு தெரியுதா? நுனிதான் வெடிச்சிருக்கு. அந்த நுனியை மட்டும் வெட்டிட்டு மறுபடி மாட்டி இறுக்கினா முடிஞ்சுது.

— பெரிய மெக்கானிக்தான். பீத்திக்காம வேலையை முடிங்க.

— கொஞ்சம் ஆறட்டும். ஹோஸைக் கழட்டினா உள்ள இருக்கிறதெல்லாம் கொட்டும். அந்தத் தட்டை இப்படித் தள்ளு.

— இது என் அலுமினியத் தட்டு! இதைத்தான் வீடு பூரா தேடினேன். இங்க எப்படி வந்துச்சு?

— தரையில கறை படியுதுன்னு நீதானே கத்தின? அதான் ராத்திரியில சொட்டுக்கு நேரா வச்சுட்டுப் படுப்பேன்.

— அப்புறம் காலைல எங்க கொட்டுவீங்க?

— வச்ச புதுசுல கொட்டுற வேலையே இல்ல. நாலஞ்சு நாள், காலைல பார்த்தா தட்டு காலி. சரி, லீக் தானா நின்னுடுச்சுன்னு நானும் சந்தோஷமா விட்டுட்டேன். அப்புறம் மறுபடி தேங்க ஆரம்பிச்சுது.

— ஆனா ரேடியேட்டர்ல அந்த நாலஞ்சு நாளும் குறைஞ்சுதானே?

— குறைஞ்சுது.

— இங்க குறையுது, தட்டுல சேரல. அப்போ எங்க போகும்?

— காஞ்சிருக்கும்.

— போட்ட துணியே காயல, இது காயுமா? மறுபடி எப்போலேர்ந்து தேங்குது?

— அது... நம்ம தடியனைப் புதைச்சுட்டு வந்தோம்ல, அன்னைக்கு. குளிக்கப் போறப்போ பார்த்தேன், தட்டுல பச்சையா நின்னுச்சு.

— ஏங்க.

— என்ன?

— இப்போ என்ன சொன்னீங்கன்னு தெரியுதா?

— சும்மா இரு. உளறாத. பக்கத்து வீட்டு சாரோட நாய் ராத்திரியில இங்க எதுக்கு வருது?

— எதுக்கு வருமா? கேட்டுக்குக் கீழ புகுந்து தினமும் நம்ம வண்டிக்கடியிலதானே படுக்கும்? தட்டோட விளிம்பைப் பாருங்க. செம்பட்டை முடி ஒட்டியிருக்கு. இந்த கூலண்ட் தண்ணி இனிக்குமாம், விஷமாம், நாய் பூனை வாய் வச்சா உயிர் போயிடுமாம். எங்க ஸ்கூல் வேன் டிரைவர் சொல்லுவாரு.

— மெதுவாப் பேசு. சார் வீட்டு ஜன்னல் தொறந்திருக்கு.

— குடிச்சவன் மாதிரி தள்ளாடுச்சுன்னு சார் சொன்னாரே. கிட்னி போயிடுச்சு, ஏதோ விஷம் உள்ள போயிருக்குன்னு டாக்டர் சொன்னாராமே. ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்!

— நீ என்ன பண்ண? தட்டு வச்சது நான்.

— எதிர்வீட்டு டெய்லர் ஏதோ பொட்டலம் எறிஞ்சதைப் பார்த்தேன்னு சார்கிட்ட போய்ச் சொன்னது யாரு? என் வாய் சும்மா இருந்துச்சா? அதை நம்பி அவர் தெருவையே கூட்டி சண்டை போட்டாரு. வெட்டுத் துணியைத்தான் எறிஞ்சேன்னு அந்த டெய்லர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. யாராவது கேட்டோமா? அவர் பொண்ணு என் கிளாஸ்ல படிக்குது. 'விஷக்காரன் பொண்ணு'ன்னு கூப்பிடுதுங்க பசங்க. நான் அதட்டுறேன், ஆரம்பிச்சு வச்சதே நான்னு தெரியாம. இன்னைக்கு வீட்டையே காலி பண்றாங்க.

— சரி, இப்போ என்ன பண்ணுங்கற?

— போய்ச் சொல்லணும். லாரி கிளம்புறதுக்குள்ள சொல்லணும்.

— சொன்னா தடியன் எழுந்து வந்துடுமா? சாருக்கு சம்சாரம் போனப்புறம் அதுதான் துணை. ஹோஸை மாட்டிட்டு, தரையைக் கழுவிவிட்டுடலாம். டெய்லரை நான் தனியாப் பார்த்துப் பேசிக்கிறேன்.

— என்னன்னு பேசுவீங்க? நீங்க பண்ணலைன்னு எனக்குத் தெரியும், ஆனா வெளிய சொல்ல மாட்டேன்னா?

— குத்திக் காட்டாதடி. எனக்கு மட்டும் என்ன, கல் நெஞ்சா? அந்தக் குழியில மண்ணைத் தள்ளினதே நான்தான்.

— அப்போ சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் போய்...

— என்ன தம்பி, ரெண்டு பேரும் வண்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு? டீச்சரையும் மெக்கானிக் ஆக்கிட்டீங்களா?

— வாங்க சார். ஒண்ணும் இல்ல. ஹோஸ்ல சின்ன லீக். இப்போதான் நுனியை வெட்டினேன், மாட்டப் போறேன்.

— நீங்க கிளாம்ப்பை இறுக்குங்க, நான் ஹோஸைப் பிடிச்சுக்கிறேன். தள்ளுங்க.

— வேண்டாம் சார், கையெல்லாம் அழுக்காகும்.

— ஆகட்டும் போங்க. வீட்டுக்குள்ள உட்கார்ந்தா பொழுதே நகர மாட்டேங்குது. வாசல்ல சத்தம் கேட்டா அவன்தான்னு எழுந்திருக்கிறேன், அப்புறம் உட்கார்றேன். ம், இறுக்குங்க. இன்னும் ஒரு சுத்து. என்ன தம்பி, ஸ்க்ரூடிரைவர் நழுவிக்கிட்டே இருக்கு?

— ஸ்க்ரூ டைட்டா இருக்கு சார்.

— டீச்சர் ஏன் கண்ணைத் துடைக்கிறாங்க?

— பவுடர் பட்டுடுச்சு சார். சார், அந்த டெய்லர்... லாரியில சாமான் ஏத்துறாங்க. ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாமே. ஒருவேளை அவர் பண்ணியிருக்க...

— அவன் பேச்சே வேண்டாம் டீச்சர். நீங்க கண்ணால பார்த்துச் சொன்னதால தப்பிச்சேன். இல்லைன்னா சாகுற வரைக்கும் அவன்கிட்ட சட்டை தைக்கக் குடுத்துக்கிட்டு இருந்திருப்பேன். உங்க ரெண்டு பேரையும் நான் மறக்கவே மாட்டேன்.

— நாங்க என்ன சார் பண்ணிட்டோம்...

— இல்ல தம்பி, சொல்லவிடுங்க. கடைசி நாள் ராத்திரி அவனுக்குத் தாகம் தாங்கல. நான் தண்ணி வச்சேன், மோந்துகூடப் பார்க்கல. நடக்க முடியாம நடந்து இங்க வந்து, இதோ, இந்தத் தட்டுல வாயை வச்சான். முதல்ல பதறிப்போய் இழுக்கத்தான் வந்தேன். அப்புறம் ஞாபகம் வந்துச்சு. வண்டியில ஏதோ சொட்டுதே தம்பின்னு ஒரு நாள் கேட்டேன்ல, ஏசி தண்ணிதான் சார், ஒண்ணும் இல்லன்னு சிரிச்சீங்களே.

— ஏசி தண்ணின்னா சொன்னீங்க? ஏங்க, சார்கிட்ட அப்படியா சொன்னீங்க?

— தம்பி சொன்னதாலதான் டீச்சர் நானும் விட்டேன். குடிடா, நல்லாக் குடிடான்னு முதுகைத் தடவிக் குடுத்தேன். ஒரு சொட்டு விடாம நக்கிட்டு, என்னைப் பார்த்து வாலை ஆட்டினான். கண்டவனும் விஷம் வைக்கிற ஊருல, கடைசியா அவன் வயித்துல போன நல்ல தண்ணி உங்க வீட்டுதுதான் தம்பி. உங்க கையைக் குடுங்க.

— கையை விடுங்க சார்... அது ஏசி தண்ணி இல்ல.