காலியாகாத மாடி

சுவரில் ஆணி அடிக்காத குடித்தனம் அமைவது கொடுப்பினை. வல்லத்தில் இப்போதுதான் வீடு கட்டியிருக்கிறீர்கள், போகப் போகத் தெரியும். என் மாடிக் குடித்தனம் உங்கள் வீட்டைக் கேட்டிருக்கிறது, ஆட்கள் எப்படி என்று பழைய வீட்டுக்காரனிடம் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். முறைதான். இத்தனை வருஷம் ஒரே குடும்பத்தை எப்படித் தக்கவைத்தீர்கள் என்றும் கேட்டீர்கள். இன்னொன்றும் கேட்டீர்கள், அதற்கும் வருகிறேன். உட்காருங்கள். நீங்களும் வீட்டுக்காரர், புரிந்துகொள்வீர்கள்.

எனக்கு மல்லாட்டை மண்டி இருந்தது, கடலை வியாபாரம். மனைவி போன பிறகு மண்டியை விட்டுவிட்டு மாடியை வாடகைக்கு விட்டேன். மகன் பெங்களூரில். பொங்கலுக்கு வந்தால் உண்டு. மாடிக்கு முதலில் வந்தவன் குடிகாரன். அடுத்து வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனார்கள். அப்புறம்தான் ஆரோக்கியநாதன் வந்தார். மனைவி இருதயமேரி, பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள் வெரோனிகா. செஞ்சிக் கோட்டைக் குரங்குகள் தண்ணீர்த் தொட்டி மூடியைத் தள்ளிவிட்டுக் கும்மாளம் போடும். வந்த வாரமே அவர் மூடியைக் கம்பி போட்டு இறுக்கிவிட்டார். நான் கேட்கவே இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் இருதயமேரி கஞ்சி வைப்பாள், வெரோனிகா கொண்டுவருவாள். என்னைப் பெரியப்பா என்பாள். பெற்ற மகன்கூட என்னை அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டதில்லை.

நானும் குறை வைக்கவில்லை. குழாய் ஒழுகினால் அன்றைக்கே ஆள் வரும். வாடகையை ஏற்றியதில்லை. நல்ல குடித்தனம் நிலைக்க இவ்வளவு போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

வெரோனிகா படித்து முடித்து இங்கேயே டீச்சர் ஆனாள். ஒருநாள் ஆரோக்கியநாதன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"இதுக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டா நாங்க ஊரோட போயிடுவோம்ணே. நெலம் சும்மா கெடக்குது."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பெண் கேட்கும் முன் மாப்பிள்ளை வீட்டார் வந்து விசாரிப்பார்கள், உங்களுக்குத் தெரியாததா. சொந்தக்காரன் புகழ்வான், எதிர்வீட்டுக்காரன் பொறாமைப்படுவான். வீட்டுக்காரன் சொல்வதுதான் எடுபடும். முதலில் வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அன்று அமாவாசை, மேல்மலையனூர்க் கூட்டத்தில் பஸ்ஸில் நசுங்கி வேர்த்துப்போய் வந்தார். மோர் கொடுத்தேன். நல்ல பெண் என்றேன். அது சத்தியம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னேன்.

"இப்பல்லாம் மாத்திரைய விடாம சாப்புட்டுடுது."

அதுவும் பொய்யில்லை. ரத்தம் கம்மி என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதியிருந்தார். நானேதான் மருந்துக்கடையில் வாங்கி வந்து கொடுப்பேன். என்ன மாத்திரை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மோரைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

பிறகு வந்தவர்களுக்கும் அதேதான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரே ஒரு இடம் கைமீறிப் போனது. என்னிடம் விசாரிக்காமலே நிச்சயம் செய்துவிட்டார்கள். அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையறியக் கேட்பார்கள். முதல் ஓலை வாசித்தாயிற்று. நான் அந்தக் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. மாப்பிள்ளைக்குச் சீயமங்கலம் பக்கம். குடைவரைக் கோயில் பார்க்க வந்தவன்போல அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன், எனக்குச் செஞ்சி என்றதும் பெண்ணைப் பற்றிய பேச்சு தானாக வந்தது. இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

ஓலை வாசித்து நின்றுபோன பெண்ணை அப்புறம் யாரும் கேட்டு வரவில்லை. அந்த மழைக்காலத்தை ஆரோக்கியநாதன் தாண்டவில்லை. நெஞ்சுவலி. பெட்டிக்கு ஒரு பக்கம் நான் தோள் கொடுத்தேன். இருதயமேரி படுத்த படுக்கையானாள். வெரோனிகாவுக்குத் தலையில் நரை தெரிகிறது. பள்ளிக்கூடம் விட்டால் அம்மா, அம்மாவை விட்டால் பள்ளிக்கூடம். குடித்தனம் நிலைத்தது.

போன மாதம் அந்தத் தாய்மாமன் பேரனைச் சேர்க்க அவள் பள்ளிக்கூடத்துக்கே வந்திருக்கிறார். பேரையும் ஊரையும் கேட்டு ஆளை அடையாளம் கண்டுகொண்டு, உடம்பு இப்போது தேவலையா என்று விசாரித்திருக்கிறார். நல்ல மனிதர். சாயங்காலம் அவள் கீழே வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"நான் இன்னா மாத்திரை சாப்ட்டேன் பெரியப்பா?"

சத்து மாத்திரை என்றேன். அதை அவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்றாள். அவர்கள் கேட்கவில்லை என்றேன். அவள் அழவில்லை.

"நாம குடுக்கறது பத்தலன்னுதான் எல்லாம் நின்னுபோச்சுன்னு நைனா சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு" என்றாள். அவ்வளவுதான், மேலே போய்விட்டாள். அதில் எனக்கும் வருத்தம்தான். மறுநாளே வீடு தேட ஆரம்பித்துவிட்டாள்.

செஞ்சியிலேயே இரண்டு இடம் கேட்டாள். அந்த வீட்டுக்காரர்களும் உங்களைப்போல விசாரிக்க வந்தார்கள், அவர்களுக்கும் மாத்திரைப் பேச்சே போதுமானதாக இருந்தது. நீங்கள் வந்ததும் உங்களிடமும் அதைத்தான் சொன்னேன். என்ன மாத்திரை என்று திருப்பிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். கேட்டதால் சொல்லிவிட்டேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டை வேறு ஆளுக்குப் பேசிவிட்டதாக அவளிடம் சொல்லிவிடுங்கள். படுக்கையில் கிடக்கும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே அலைவாள்? கூடப் பிறந்தவர்கள் இல்லை, அப்பா இல்லை, கட்டினவன் இல்லை. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.