இடது முன்துடுப்பு

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. எங்கள் அறையில் இருப்பது ஒரு பக்கம் சாயும். அதில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து நானும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

பாறைக்குள் இருக்கும் எலும்பை வெளியே கொண்டுவருவது என் வேலை. அருங்காட்சியகத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கும் குடோனுக்கும் நடுவில் ஓர் அறை. காற்றழுத்தத்தில் அதிரும் ஊசி, பூதக்கண்ணாடி விளக்கு, பசை, தூரிகை. ஊசியின் சத்தத்தைக் கேட்டு எனக்குப் 'பல் டாக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் உள்ளங்கை அளவு பாறையைச் சுரண்டினால் அது நல்ல நாள். எலும்பு முழுதாக வெளிவந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடும். கீழே பித்தளைத் தகட்டில் 'கண்டெடுத்தவர்' என்று ஒரு பெயர், 'ஆராய்ந்தவர்' என்று ஒரு பெயர். சுத்தம் செய்தவருக்குத் தகடு கிடையாது. அந்தக் கட்டடத்தில் என் பெயர் எழுதிய ஒரே பொருள் என் டீ கப். அதிலும் வேறு யாராவதுதான் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

என் தங்கை தையல்காரி. தரையில் விழுந்த குண்டூசியை நின்றபடியே பார்த்துவிடுகிற கண் அவளுக்கு. சின்ன வயதில் தெருவில் யார் எதைத் தொலைத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூட என்னையும் அனுப்புவார்கள், பை பிடிக்க.

ஊருக்கு வெளியே கடலோரத்தில் மூன்று மாடி உயரத்துக்குச் செங்குத்தான களிமண் மேடு ஒன்று இருக்கிறது. அது உதிர உதிரப் பழைய கடல் விலங்குகளின் எலும்புகள் வெளியே வரும். விடுமுறை நாட்களில் பத்தொன்பது வருடம் நான் அங்கே தேடினேன். கிடைத்தவை இரண்டு சுறாப் பற்கள், யாரோ தொலைத்த ஒரு மூக்குக் கண்ணாடி. தங்கை பொழுதுபோகாமல் என்னோடு வந்தாள். அவள் வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, நான் வழக்கமான கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கொஞ்சம் எழுந்திரு. அந்தக் கல்லுக்குக் கண்ணு இருக்கு."

எழுந்து பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் எலும்பு வளையம். இக்தியோசார் என்கிற கடல்வாழ் ஊர்வன இனத்துக்கு மட்டும் அவ்வளவு பெரிய கண் இருக்கும். பார்க்க மீன் போலிருக்கும், மீன் இல்லை. டைனோசரும் இல்லை, அருங்காட்சியகத்துக்கு வருபவர்கள் எத்தனை முறை சொன்னாலும்.

"எத்தனை வருஷமா இங்க உக்காந்து சாப்பிடற?"

"பதினொண்ணு."

"பாவம், அதுக்கு மூச்சு முட்டியிருக்கும்," என்று சொல்லி அவள் மணலில் விழுந்து சிரித்தாள்.

அலுவலகத்திலும் சிரித்தார்கள். "பல் டாக்டரே, நல்லவேளை நீங்க ஒல்லி. இல்லன்னா மண்டை ஓடு நொறுங்கியிருக்கும்," என்றார் அருங்காட்சியக இயக்குநர். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்துச் சிரிப்பதில் என் அளவுக்குப் பயிற்சி உள்ளவர்கள் குறைவு.

அது இதுவரை யாரும் அறியாத இனம் என்று தெரிந்ததும், தங்கையின் பெயரையே அதற்கு வைப்பது என்று இயக்குநர் முடிவு செய்தார். எங்களிடம் ஒரு விதி உண்டு. எலும்பு என்று முதலில் கண்டுகொண்டவர்தான் கண்டெடுத்தவர். தொட்டவர், சுமந்தவர், என் விஷயத்தில் உட்கார்ந்தவர், யாரும் கணக்கில் வருவதில்லை. நியாயமான விதி. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

"ரெண்டு பேர் பேரையும் சேத்து வெக்கச் சொல்றேன்க்கா. நீ கூட்டிட்டுப் போகலன்னா நான் அங்க வந்திருக்கவே மாட்டேன்."

"வேணாம்டி. உன் பேரே அழகா இருக்கு."

"பொய் சொல்லாத. என் பேரு பிடிக்கலன்னு ஒரு மாசம் என்னைக் கூப்பிடாம இருந்தவதானே நீ."

அவள் கேட்டது உண்மையான அன்பில். அன்போடு நீட்டப்படுவதை வாங்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

பதினான்கு மாதம் அந்த விலங்கைச் சுத்தம் செய்தேன். பதினோராவது மாதத்தில், விலா எலும்புகளுக்கு அடியில் மடங்கிக் கிடந்த இடது முன்துடுப்பு கிடைத்தது. சோளக்கதிரில் மணிகள் அடுக்கியிருப்பது போலச் சின்னச் சின்ன எலும்புகள், ஆறு வரிசை. வலது துடுப்பு ஏற்கெனவே நசுங்கிப்போயிருந்தது. இடது துடுப்பின் வரிசைகளை எண்ணினால்தான் கட்டுரையை முடிக்க முடியும், கட்டுரை வந்தால்தான் பெயர் செல்லும் என்று இயக்குநர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைப் பிளாஸ்டர் சாந்துக்குள் வைத்து மூடி, 'பயனற்ற துண்டு' என்று எழுதி, என் மேசையின் கீழறையில் வைத்தேன். ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு வாரமாவது அது பெயரில்லாத விலங்கு. நானும் அதுவும் ஓர் அறையில் சமமாக உட்கார்ந்திருக்கலாம்.

துடுப்பு இன்னும் மேட்டில்தான் இருக்க வேண்டும் என்று இயக்குநர் தீர்மானித்தார். "எங்க போயிடப் போகுது? நான் தேடி எடுத்துட்டு வரேன்," என்றாள் தங்கை. ஞாயிற்றுக்கிழமை தேடினாள். பிறகு புதன்கிழமைகளிலும் கடையை மூடிவிட்டுத் தேடினாள். மூன்று மாதம். நான் கீழறையைத் திறந்திருந்தால் போதும். இல்லாத ஒன்றைத் தேடும் அனுபவம் அவளுக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு அதில் பத்தொன்பது வருட முன்னனுபவம்.

அதற்குப் பிறகு எட்டு நாள் மழை.

மேட்டின் உச்சியில் விரிசல் ஒன்று உண்டு. திங்கட்கிழமைதோறும் அதை அளந்து எழுதுவதும், அடியில் யாரும் போகாமல் எச்சரிக்கைப் பலகை நட்டு வைப்பதும் என் பொறுப்பு. யாரும் விரும்பாத வேலைகள் என்னிடம் வருவது வழக்கம். அந்தத் திங்கட்கிழமை என் கை முழங்கை வரை உள்ளே போனது. அதற்கு முந்தைய வாரம் இரண்டு விரல்தான் போயிருந்தது. குறிப்பேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அது இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது, பார்க்கலாம். அளவில் நான் பொய் எழுதியதே இல்லை. பலகையில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. பிடுங்கிக்கொண்டு வந்து புதிதாகச் சிவப்பு அடித்து, அறையில் சாய்த்து வைத்தேன். ஈர வானிலையில் பெயின்ட் காய ஐந்து நாள் ஆகும்.

புதன்கிழமை காலை மழை விட்டிருந்தது. தங்கை சுத்தியல் வாங்க என் அறைக்கு வந்தாள். கழுத்தில் அளவுநாடா தொங்கியது, கழற்ற மறந்திருந்தாள்.

"மேல விரிசல் எப்படிக்கா இருக்கு? போலாமா?"

"பழைய விரிசல்தான்."

அதுவும் பொய் இல்லை. விரிசல் பழையது. அகலம்தான் புதிது.

"மணல்ல தேடவா, அடியில தேடவா?"

"மணல்லதான் எல்லாம் பாத்தாச்சே. அடியில பாரு. நல்லா ஒட்டி நின்னு பாரு."

"நீயும் வாயேன்."

"பசை காயணும்."

"நீயும் உன் பசையும்," என்று என் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனாள்.

பிறகு முதுகெலும்புத் துண்டு ஒன்றைச் சுத்தம் செய்தேன். இடையில் நான்கு முறை கடிகாரத்தைப் பார்த்தேன். கவனம் சிதறுகிறதே என்று என்னையே கடிந்துகொண்டேன். பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. மேடு சரிந்துவிட்டது என்றார்கள்.

மண்ணள்ளும் இயந்திரத்தை ஓர் அளவுக்கு மேல் கிட்டே கொண்டுபோகாதீர்கள் என்று நான்தான் சொன்னேன். மறுநாள் மாலை, கடைசி ஒரு முழம் மண்ணைக் கையால் எடுக்க ஆள் தேடினார்கள். சுற்றுவட்டாரத்தில் அதற்குத் தகுதியானவள் நான் ஒருத்திதான். கரண்டியும் தூரிகையும் வைத்து இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அவளுடைய ஒரு நகம்கூட உடையவில்லை. அளவுநாடா கழுத்தில் அப்படியே இருந்தது. என் இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமான வேலை செய்ததில்லை. சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். இயக்குநர் என் தோளைத் தொட்டு, "நீங்க மனுஷியே இல்லம்மா, தெய்வம்," என்றார். முதல் பாதியோடு எனக்கு உடன்பாடு.

எனவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். துடுப்பை ஒளித்தது நான். பலகையைப் பிடுங்கியது நான். மேடு விழும் என்று தெரிந்தே அதன் அடியில் ஒட்டி நிற்கச் சொன்னது நான். அவள் இறந்தால் இறக்கட்டும் என்று நினைத்தேனா என்று கேட்டீர்கள். விழும் நேரத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். இறப்பது அதில் அடங்கியிருந்தது. ஆனால் பொறாமை என்று எழுதாதீர்கள். அது என் சுபாவத்திலேயே இல்லை. கீழறையில் இருக்கும் துடுப்பை இயக்குநரிடம் கொடுத்துவிடுங்கள், அந்த விலங்குக்கு அவள் பெயரையே வைக்கட்டும்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். அவளுடைய வலது கை ஒரு களிமண் கட்டியை இறுகப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுத்து, என் அறைத் தொட்டியில் வைத்துக் கழுவினேன். உள்ளே ஒரு துடுப்பு. கட்டைவிரல் நீளம்தான். பிறந்து சில நாளே ஆன குட்டியுடையது. இந்தக் கரையில் குட்டியின் எலும்பு இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. கட்டியை ஒரு லைனிங் துணித்துண்டில் சுற்றி, ஓரத்தில் குண்டூசி குத்தியிருந்தாள் என்று நீங்கள் சொல்வீர்கள். தையல்காரி, கையில் கிடைத்த எதையும் துணியில் சுற்றுவாள். அதற்குள் இருப்பது எலும்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. முதலில் கண்டுகொண்டது நான், அந்தத் தொட்டியடியில்தான். மற்றதையெல்லாம் உங்கள் விருப்பப்படி எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். அந்தச் சின்னத் துடுப்புக்கு மட்டும், கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடச் சொல்லுங்கள்.