இரண்டாவது காசு

பழைய காசைத் துடைக்கக் கூடாது, சார். கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து பெருமையாக நீட்டுவார்கள். பாதி மதிப்பு துணியோடு போயிருக்கும். உங்கள் ஆட்கள் மேசையில் கொட்டிவைத்திருப்பதையும் தயவுசெய்து யாரும் துடைக்க வேண்டாம்.

தங்கச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். கீழே என் நாணயக்கடை, மேலே குடித்தனம். அவளைப் பருந்து என்றுதான் கூப்பிடுவேன். நான் லென்ஸை வைத்துத் தேடுவதை அவள் வெறுங்கண்ணால் காட்டிவிடுவாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் அவளைப் பெண் கேட்டு வந்தபோது, "பருந்துக்குக் கண்ணாடிக்காரன் மாப்பிள்ளையா? பொழப்பு நடந்த மாதிரிதான்" என்று நானே கேலி செய்தேன். அவள் முகம் சிவக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய செப்புக்காசு என் கைக்கு வந்தது. அதில் ஓர் எழுத்து மட்டும் நிழல் விழுந்ததுபோல இரட்டையாக இருந்தது. அச்சிலேயே வந்த பிழை என்றால் பெரிய விஷயம். ஆனால் ஒரே காசை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. பின்னால் யாராவது தட்டி நசுக்கியிருக்கலாம். அதே அச்சில் அடித்த இன்னொரு காசிலும் அதே இடத்தில் அதே பிழை இருந்தால்தான் அது நாணயச்சாலையில் நடந்த தவறு. அதே வருடம் பொறித்த காசுகளை எடைக்கு வாங்கி, மூட்டை மூட்டையாக மாடி அறையில் இறக்கினேன்.

"இன்னொண்ணு கிடைக்கிற வரைக்கும் பாத்துத் தர்றேண்ணே. அப்புறம் என்னைக் கட்டிக்குடுத்து அனுப்பிடணும்" என்றாள். சரி என்றேன். அவளாகத்தான் போய் உட்கார்ந்தாள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. "அண்ணே, கிடைச்சிடுச்சு" என்று ஓடிவந்தாள்.

லென்ஸில் பார்த்தேன். "இது யாரோ தட்டினதும்மா. அச்சுல வந்ததில்ல. தேடு."

இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "அதே எழுத்துல, அதே பக்கமா, இம்மி பிசகாமத் தட்டுவாங்களாண்ணே?"

தொழில் கற்றுக்கொடுத்தவனையே கேள்வி கேட்டால் யாருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். அன்று மாலை அவள் மாடி அறைக்குள் இருக்கும்போது கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். தூசி வரக் கூடாதல்லவா. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்ததும் அதற்காகத்தான்.

கொஞ்ச நாள் கதவைத் தட்டினாள், கத்தினாள். கீழே ரேடியோவைச் சற்று உரக்க வைத்தேன். கண்ணாடிக்காரரிடம், "அவளுக்கு இஷ்டமில்லையாம். வெளியூர் வேலைக்குப் போயிட்டா" என்றேன். மனிதர் கடை வாசலிலேயே அழுதார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

பிறகு கத்துவதை விட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தாள். கிடைத்துவிட்டால் கதவு திறக்கும் என்று நம்பினாள். அவள் பார்த்து முடித்த மூட்டையைக் கீழே கொண்டுபோய், வேறு சாக்கில் மாற்றி, மறுபடி மேலே ஏற்றுவேன். எப்போதாவது கதவிடுக்கில் ஒரு காசை நீட்டுவாள். "இதுவா பாருண்ணே." "இல்லம்மா." எங்களுக்குள் சண்டை சச்சரவே கிடையாது.

வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தேன். பல்பு போனால் அன்றே மாற்றினேன். அவள் தலை முழுக்க நரைத்திருப்பதைப் பார்த்து நீங்கள் திடுக்கிட்டீர்கள். நரை எல்லோருக்கும் வருவதுதானே. கைக்கு எட்டும் தூரத்துக்கு அப்பால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னாராம். அந்த அறையில் அதற்கு அப்பால் பார்க்க எதுவும் இல்லை, சார். பக்கத்து வீட்டில் குழாய் சரிசெய்ய வந்தவர் சுவர் வழியாக அவள் முனகுவதைக் கேட்டிருக்காவிட்டால், இப்போதும் அமைதியாகத் தேடிக்கொண்டுதான் இருப்பாள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். நான் ஒரே பொய்யில் ஒன்றை நிறுத்தினேன். அவள் முதலில் கொண்டுவந்தது அசல் அச்சுப்பிழைதான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஒப்புக்கொண்டிருந்தால் அவள் போயிருப்பாள். எனக்குப் பயமாக இருந்தது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் நாலு சுவருக்குள் கிடப்பது லேசான விஷயமில்லை. அனுபவிக்காதவர்களுக்கு அது புரியாது. யாருக்கும் அந்த நிலைமை வரக் கூடாது, சார்.