ஃபேக்டரி வளைவில் ஒரு சிறுத்தை

கூடலூரில் மழைக்காலத்தில் துணி காயாது என்பதைத் தவிர எனக்கு வாழ்க்கையில் பெரிய குறை எதுவும் கிடையாது, ரேஞ்சர் சார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ மனக்கஷ்டத்தில் செய்துவிட்டாள் என்று பிறகு யாரும் எனக்காகப் பரிதாபப்படக் கூடாது.

என் பெயர் ராஜப்ரியா. பஜாரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். கல்யாணத்துக்கு வராத மாமாவை ஆல்பத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். வந்த மாமா வேண்டாம் என்றால் எடுத்தும் விடுவேன். என் கை பட்ட இடம் தெரியாது என்று ஓனரே சொல்லுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டு ஆடுவேன். பணம் வைத்து ஆடுகிற சீட்டு அல்ல. ‘ஏழு கோட்டை’ என்று ஓர் ஆட்டம். படம் போட்ட அட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி ஆளுக்கொரு கட்டு சேர்த்துக்கொள்ள வேண்டும். அதை டெக் என்போம். எதிராளியின் கோட்டைகளை இடித்தாலும் வெற்றி, அவர் கட்டில் அட்டை தீர்ந்துபோனாலும் வெற்றி. அபுபக்கர் பாயின் ஸ்டேஷனரி கடை மாடியில் கூடுவோம். அவர் மகன் நௌமான்தான் இந்தப் பைத்தியத்தை ஊருக்குள் கொண்டுவந்தவன்.

என்னுடையது மூடுபனி டெக். பனிச்சுவர் அட்டைகளை வரிசையாக நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். எதிராளி முட்டுவார், மோதுவார், கடைசியில் கட்டு தீர்ந்து எழுந்து போவார். “உங்களோட ஆடுறதும் சர்ட்டிஃபிகேட்டுக்கு கவுண்டர்ல நிக்கிறதும் ஒண்ணுதானுங்க அக்கா” என்பான் நௌமான். நான் யாரையும் தாக்கியதே இல்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இந்த வருஷம் பருவமழையோடு சேர்ந்து புது செட் வந்தது. கம்பெனிக்காரர்கள் அவ்வப்போது புது அட்டைகளை இறக்குவார்கள். அதற்கேற்ப எல்லாரும் டெக்கைப் பிரித்து மாற்றி அடுக்குவார்கள். இந்த முறை வந்ததில் ‘ஒற்றையடிப்பாதை’ என்று ஓர் அட்டை. அதை இறக்கினால் எந்தச் சுவரையும் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். அவ்வளவுதான், என் சுவர்களெல்லாம் வெறும் படங்களாகிவிட்டன.

அந்த அட்டை எங்கள் கூட்டத்தில் ஒருத்திக்குத்தான் கிடைத்தது. ஜீவிதா. ஓவேலிப் பக்கம் எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிறாள், தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை. என்னைவிடச் சின்னவள். பாக்கெட்டைப் பிரித்து அந்த அட்டையைப் பார்த்ததும் அவள் குதிக்கவில்லை. முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

“கவலப்படாதீங்க ப்ரியாக்கா. உங்க டெக்க ரெண்டு பேரும் உக்காந்து மாத்திடலாம். புது செட்டுலயே அதுக்கு மருந்து இருக்கு.”

சொன்னபடி மறு ஞாயிறு முழுக்க என்னோடு உட்கார்ந்தாள். சுவர்களைக் குறைத்து ‘காவல்நாய்’ அட்டைகளைச் சேர்க்கச் சொன்னாள். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் நாய்களை வைத்துக்கொண்டு சும்மா உட்கார முடியாது. ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும், துரத்த வேண்டும். அது என் சுபாவத்துக்கு ஒத்துவரவில்லை. வீட்டுக்குப் போனதும் நாய்களைக் கழற்றிவிட்டுச் சுவர்களைத் திரும்ப அடுக்கினேன்.

தகுதிப் போட்டி கூடலூரிலேயே நடப்பதாக இருந்தது. ஜெயிப்பவர் பெங்களூரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். தோற்றால் அன்றோடு சரி. முதல் சுற்றிலேயே எனக்கு ஜீவிதா எதிரி என்று அட்டவணை வந்தது. அவளும் பார்த்திருப்பாள். “மொத ஆட்டமே நாமளா, சிரிப்பா இருக்குக்கா” என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். நானும் சிரித்தேன். டெக்கை மாற்ற எனக்கு மனமில்லை. மிச்சம் இருந்தது ஜீவிதாதான். அவள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்தால் போதும். அவளுக்கு ஒரு கெடுதலும் நான் நினைக்கவில்லை.

அவள் வருகிற பஸ்ஸை நிறுத்த யானைப் புரளி என்றால் சரிப்படாது சார். யானை நிற்கிறது என்றால் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு அது போகும்வரை பீடி பிடிப்பார். சிறுத்தை அப்படி இல்லை. எங்கள் பக்கம் அதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

எஸ்டேட் ஸ்போர்ட்ஸ் டேக்காக எடுத்த படங்களில், பஸ் திரும்புகிற ஃபேக்டரி வளைவு இருந்தது. இன்டர்நெட்டில் நல்ல வாட்டசாட்டமான ஆண் சிறுத்தை கிடைத்தது. வளைவுக்குக் கொஞ்சம் மஞ்சு, அதாவது பனிமூட்டம், ஏற்றினேன், சிறுத்தையின் வயிற்றுப் பக்கம் ஈரம் காட்டினேன். பின்னங்கால் நிழலுக்கு மட்டும் ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. மனதுக்கு நிறைவான வேலை.

சனிக்கிழமை காலை அதை, யாருக்கும் தெரியாத ஒரு நம்பரிலிருந்து, எஸ்டேட் வாட்ச்மேன் அழகர்சாமி அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் எதையும் படித்துப் பார்த்து அனுப்புகிறவர் அல்ல. மத்தியானத்துக்குள் ஓவேலி முழுக்கப் போய்விட்டது. நான் எதிர்பார்க்காத உதவி ஒன்றையும் அவரே செய்தார். படத்தைத் தானே எடுத்ததாகச் சொல்லிவிட்டார். “நாந்தானுங்க எடுத்தேன். கண்ணு ரெண்டும் டார்ச் மாதிரி எரிஞ்சுதுங்க” என்று உங்களிடமே சொன்னாராமே. அந்தக் கண்களுக்கு வெளிச்சம் ஏற்றியது நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

நான் நினைத்தது பஸ் நிற்கும், ஒரு நாள் எல்லாரும் வீட்டிலிருப்பார்கள் என்று. நீங்கள் பாதையையே மூடிக் கூண்டு வைப்பீர்கள் என்று நினைக்கவில்லை. உங்கள் அக்கறையைக் குறை சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஜீவிதாவின் நாற்காலி காலியாக இருந்தது. நடுவராகக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார், சாந்தமானவர். விஷயம் கேள்விப்பட்டு என்னிடம் கேட்டார். “ரூல்படி அவங்க தோத்த மாதிரிதான். ஆனா எதிர்ல ஆடுறவங்க சம்மதிச்சா கொஞ்சம் வெயிட் பண்ணலாம். வெயிட் பண்ணட்டுங்களா?”

மாடியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளூர ஒரு பதற்றமும் இல்லை.

“ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே” என்றேன்.

“அக்கா, அங்க சிறுத்தை நிக்குதுங்க” என்றான் நௌமான்.

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும் நௌமான்?”

நடுவர் என் பெயருக்கு நேரே டிக் அடித்தார். அவர் பேனாவை மூடியபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஜீவிதா. முட்டிவரை சேறு, சுடிதார் ஓரமெல்லாம் தேயிலைச் செடி கிழித்திருந்தது, காலில் அட்டைப்பூச்சி கடித்து ரத்தம். கையில் மட்டும் டெக் பெட்டி பாலித்தீன் கவருக்குள் நனையாமல் இருந்தது. பாதையில் விடவில்லை என்று தோட்டத்துக்குள் குறுக்காக இறங்கி வந்திருக்கிறாள். தனியாக. வழியெல்லாம் சிறுத்தைக்குக் கேட்கட்டும் என்று பாத்திர மூடியைத் தட்டிக்கொண்டே வந்தாளாம்.

நடுவர் மறுபடி என்னைப் பார்த்தார். நான் அட்டவணையைப் பார்த்தேன்.

“பரவால்லக்கா, ரூல் ரூல்தான். நீங்க ஜெயிச்சுட்டு பெங்களூர் போங்க” என்றாள். அப்புறம் கடைப் பையன்கள் கொடுத்த துண்டைச் சுற்றிக்கொண்டு, சாயங்காலம் வரை என் பின்னால் நின்று எனக்காகக் கைதட்டினாள். நான் ஒவ்வொருவராக வீழ்த்தினேன். வீழ்த்தினேன் என்பதுகூடச் சரியில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். இறுதி ஆட்டத்தில் நௌமானின் கட்டு தீர்ந்தது. அவன் கைகொடுக்காமல் கீழே கடைக்குப் போய்விட்டான். இளைஞர்களுக்குத் தோல்வியை ஏற்கப் பக்குவம் போதாது.

மற்றவை உங்களுக்குத் தெரியும். திங்களிலிருந்து தோட்டத்தில் கொழுந்து பறிக்க ஆள் இறங்கவில்லை, பள்ளிக்கூடம் திறக்கவில்லை. அழகர்சாமி அண்ணன் மஞ்சுக்குள் ஒரு செவலைக் கன்றுக்குட்டியைப் பார்த்து ஓடிச் சாக்கடையில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். தான் எடுத்த படத்தை அவர் அவ்வளவு நம்பியிருக்க வேண்டாம். லயத்தில் சசிகலா என்ற பெண்ணுக்கு வலி கண்டபோது எந்த டிரைவரும் வண்டியை எடுக்கவில்லை. விடியும்வரை பல்லைக் கடித்துக் கிடந்திருக்கிறாள். அப்புறம் நீங்கள் போய்க் கூட்டிவந்தீர்கள், குழந்தை உங்கள் ஜீப்பிலேயே பிறந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம் என்று கேள்வி. ஸ்டுடியோவில் அதற்கு ஒரு படம் இலவசமாக எடுத்துத் தரலாம் என்று இருக்கிறேன்.

பிறகு உங்கள் கூண்டில் உண்மையாகவே ஒரு சிறுத்தை விழுந்தது. அதைக் கேட்டு என்னைவிட யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். எத்தனை நாளாகவோ அது அந்தத் தோட்டத்தில் ஒருவரையும் தொடாமல் இருந்திருக்கிறது. லயத்தில் லட்டு கொடுத்தார்களாம். நானும் நிம்மதியாகிவிட்டேன். படத்தில் சிறுத்தை, கூண்டில் சிறுத்தை, கணக்கு நேராகிவிட்டது. அதோடு நீங்கள் பாதையைத் திறந்திருந்தால் இன்று நான் உங்கள் நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் கெட்டிக்காரர். கூண்டில் விழுந்தது பெட்டை, படத்தில் நிற்பது கடுவன் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். இன்னொன்று வெளியே திரிகிறது என்று இரண்டாவது கூண்டு வைத்துப் பாதையையும் மூடியே வைத்திருக்கிறீர்கள். ஆட்கள் ராத்திரி பகலாக மழையில் தேடுகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் சார். இன்னொன்று இல்லை. அது என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வேண்டுமானால் மஞ்சு ஏற்றாத படத்தையும் காட்டுகிறேன்.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வந்தவள், அதையும் உள்ளபடி சொல்கிறேன். பெங்களூரில் எல்லாரிடமும் ஒற்றையடிப்பாதை அட்டை இருக்கும். அத்தனை பேருக்கும் என்னால் சிறுத்தை அனுப்ப முடியாது. அந்தக் காவல்நாய் டெக்கை நான் கற்றுத்தான் ஆக வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க ஜீவிதாவை விட்டால் ஆள் இல்லை. தினமும் சாயங்காலம் வந்து என்னோடு ஆடுவதாகச் சொல்லியிருக்கிறாள். பாதை திறந்தால் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். அபராதமோ வழக்கோ, பெங்களூர் போய்வந்த பிறகு வைத்துக்கொண்டால் உதவியாக இருக்கும். இன்னும் ஒன்றே ஒன்று. ஜீவிதாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். என்மேல் கோபப்படுவாளோ என்ற பயத்தில் சொல்லவில்லை சார். அவள் இளகிய மனசுக்காரி, கேள்விப்பட்டால் அழுவாள். நெருங்கிய தோழி ஒருத்தி அழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.