பன்னிரண்டாவது பதில்

நிபியா: கதவைச் சாத்தாத, எபெர்! ஒரு காலை உள்ள வெச்சுட்டேன்.

எபெர்: இல்ல... காத்து அடிச்சுது...

நிபியா: காத்தா? போன வாரம் சந்தையில என்னைப் பார்த்ததும் பரங்கிக்காய்க் குவியலுக்குப் பின்னாடி பதுங்கினியே, அதுவும் காத்தா?

எபெர்: பரங்கிக்காய் வாங்கிட்டிருந்தேன்.

நிபியா: குத்துக்கால் போட்டு உட்கார்ந்தா? நாற்பத்தேழு வருஷமா இதே கூத்து. வெந்நீர் இருக்கா? மாத்தே டீ ஊத்து, தொண்டை காயுது.

எபெர்: கையில என்ன காகிதக் கட்டு?

நிபியா: உன் வாக்குமூலம். அந்தப் பட்டாள ஆட்சியில உன்னைப் பிடிச்சுட்டுப் போய் விசாரிச்ச கோப்பு. பழைய கோப்பையெல்லாம் இப்பதான் எல்லாருக்கும் திறந்து விட்டிருக்காங்களே, நகல் வாங்கிட்டேன்.

எபெர்: ...படிச்சிட்டியா?

நிபியா: மூணு தடவை. சிரிச்சுச் சிரிச்சு வயித்து வலி. 'எங்கள் தலைவனுக்கு ஒற்றைக் கண். வாத்து வளர்ப்பவன்.' யாருய்யா அவன்?

எபெர்: தலையைத் தண்ணித் தொட்டியில அமுக்கினா யார் வேணாலும் வாயில வருவான். தலைவன் பேரு எனக்கெங்க தெரியும்? நம்ம தலைமறைவு இயக்கத்துல எல்லாருக்கும் புனைபேர்தானே... உன் நிஜப் பேரே அப்போ தெரியாது. தெரியாதுன்னா மறுபடி அமுக்குவான். வாத்துக்காரன்னேன், கொஞ்சம் மூச்சு விட விட்டான்.

நிபியா: ஊர்ல வாத்து வெச்சிருந்தவன் அத்தனை பேருக்கும் கண்ணை எண்ணிப் பார்த்திருக்கானுங்க.

எபெர்: துப்பாக்கி புதைச்ச இடம்னு எதைச் சொன்னேன்?

நிபியா: பாதிரியாரோட தக்காளிப் பாத்தி. மூணு நாள் தோண்டினாங்களாம்.

எபெர்: அந்த வருஷம் நல்லாக் காய்ச்சிருக்கும்.

நிபியா: அப்பாடா, சிரிச்சுட்ட! பதினோரு பதில், பதினொண்ணும் புளுகு. பன்னிரண்டாவது...

எபெர்: அதைப் படிக்காத.

நிபியா: 'வியாழக்கிழமை நாலு மணி. மருந்துக்கடை வாசல். பச்சைக் குல்லா போட்ட பெண்...'

எபெர்: அது ஒண்ணுதான் நிஜம், நிபியா. நாம சந்திக்கிறதா இருந்த இடம். அஞ்சாவது நாள்... முடியல. உன்னைக் காட்டிக்கொடுத்துட்டேன். எப்படியோ நீ தப்பிச்ச. எந்த மூஞ்சியோட உன் முன்னாடி நிப்பேன்?

நிபியா: ஓரத்துல உன்னை விசாரிச்சவன் என்ன கிறுக்கியிருக்கான் பாரு. கண்ணாடியைப் போட்டுக்கோ.

எபெர்: 'இதுவும்... பொய். ஆள் அனுப்ப... வேண்டாம்.'

நிபியா: தோண்டித் தோண்டி அவனுங்க கை ஓஞ்சு போச்சு.

எபெர்: அப்போ... யாருமே போகலையா?

நிபியா: ஈ காக்கா கூட வரலை.

எபெர்: நம்பலையா! நிஜத்தைச் சொன்னேன், நம்பலையா! நிபியா... நம்பலை!

நிபியா: ஆடாதய்யா, மாத்தே கொட்டுது.

எபெர்: இரு இரு... யாரும் வரலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஆள் வர பத்து நிமிஷம் தாமதமானா கிளம்பிடணும். அதானே நம்ம சட்டம்?

நிபியா: ஏழு மணி வரைக்கும் நின்னேன்.

எபெர்: மூணு மணி நேரமா! பைத்தியமா உனக்கு? வந்திருந்தா அள்ளிட்டுப் போயிருப்பான்! எதுக்கு நின்ன? சொல்லு!

நிபியா: இப்படி அதட்டிக் கேட்டா நானும் வாத்துக் கதைதான் சொல்வேன். இன்னொரு தடவை ஊத்து, இப்படிப் பக்கத்துல வந்து உட்காரு... தானாச் சொல்றேன்.