மூணு புள்ளி உறை

உறையப் பாக்காம கத்திய மட்டும் பாத்து வருஷம் சொல்றவன் எதையாவது உளறுவான் தம்பி. எங்க கம்பெனி வேட்டைக் கத்தி முப்பது வருஷமும் ஒரே அச்சு. மாறினதெல்லாம் தோலுதான். வெளிச்சத்துக்குக் கொண்டா.

ஆரம்பத்துல ஒரே தோல மடிச்சு ஓரத்தக் கையால தைப்போம், மெழுகு நூல்ல. அப்புறம் பிடியச் சுத்தி ஒரு வாரு, டிச் பட்டனோட. கடைசியில மெஷின் தையல், மூலைக்கு ஒரு ரிவெட் ஆணி. கண்ணக் கட்டிக்கிட்டுத் தடவினாக்கூடக் காலம் சொல்லுவேன்.

அவசரமா? தெரியும், நாளைக்குச் சங்கக் கட்டடத்துல உங்கப்பா படம் திறக்கறாங்க. கீழ கண்ணாடிப் பெட்டியில இது, பக்கத்துல வருஷம் எழுதின அட்டை. என்னையும் கூப்பிட்டிருக்காங்க, கடைசி வரிசைக்கு. அந்தக் காலத்துல நோட்டீஸ் நான் எழுதுவேன், செயலாளர்னு கையெழுத்து அவர் போடுவாரு.

சரி, பாரு. இதுல தையலே இல்ல. வாயிலேர்ந்து நுனி வரைக்கும் வெறும் ரிவெட். இந்த மாதிரி ஏழே மாசம்தான் வந்துச்சு. ஸ்ட்ரைக் நடந்த ஏழு மாசம். தைக்கிறவங்க நாங்க கம்பெனி கேட்டுக்கு வெளிய பந்தல்ல கெடந்தோம். திருட்டுத்தனமா உள்ள போன நாலஞ்சு பேரால தைச்சு மாளுமா? ரிவெட்டா அடிச்சுத் தள்ளினானுங்க.

வேற எவனோ செஞ்சதா இருக்குமா? இரு, உக்காரு. பெல்ட் மாட்டுற வாரத் திருப்பு. செஞ்சவன் அங்க ஊசியால தன் அடையாளம் குத்தணும், பட்டறை வழக்கம். மூணு புள்ளி. அப்பா அடையாளம்னு உள்ள நுழையறப்பவே பெருமையாக் காட்டினியே. கைப்பழக்கம், பாவம், திருட்டுத்தனமா உள்ள போயும் குத்தியிருக்காரு மனுஷன்.

தினம் மத்தியானம் இருமலு, ஆஸ்பத்திரின்னு பந்தல விட்டு எழுந்து போவாரு. நாங்க ஆரஞ்சுப்பழம் வாங்கிக் குடுத்தோம்.

உள்ள போறது எவன்னு ஒருநாள் பேச்சு வந்துச்சு. அவர் என் தங்கச்சி புருஷனக் கைகாட்டினாரு. அன்னிக்கே அவன் கைய, இரும்பக் கவ்வுற வைஸ்ல வெச்சுத் திருகினது நான்தான். நாலு விரலு போச்சு. தங்கச்சி அப்புறம் எங்கிட்டப் பேசினதில்ல.

யார்கிட்டயும் சொல்ல வேண்டாமா? நான் எதுக்கு வாயால சொல்றேன். அந்த அட்டையக் குடு. வருஷம் மட்டும் எழுதட்டுமா, மாசமும் சேத்தா?