ஒரு புள்ளிகூடக் குறையவில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சார். என்னிடம் கேமராவே கிடையாது, வாங்க ஆசைப்பட்டதுமில்லை. நான் படம் செய்வது கணினியில்தான். ஏதாவது ஒரு படத்தின் வண்ணப் புள்ளிகளைப் பிரித்து, கறுப்பிலிருந்து வெளுப்புவரை வரிசையாக நிறுத்திவிடுவேன். ஆளும் இருக்காது, மரமும் இருக்காது; நிறம் மட்டும் மெல்ல நகரும். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

என் அண்ணனுக்குப் பார்க்கத் தெரியாது. ஸ்டூடியோக்காரன். மாப்பிள்ளைகளின் முகவாயைத் தூக்கிவிட்டே பிழைப்பை ஓட்டியவன். என் முதல் கண்காட்சிக்கு வந்து, அத்தனை பேர் முன்னால், "கேமரா இல்லாம போட்டோவாம். அடுப்பு இல்லாம சமைச்சிருக்கான் என் தம்பி, எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றான். கூட்டமே சிரித்தது. அண்ணியும்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை, சார்.

போன மழைக்காலத்தில் அவன் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தான். காய்ச்சலில் போனாளே அவன் மகள், அவள் படங்கள் எல்லாம் அதற்குள்தான். வேறெங்கும் பிரதி இல்லை.

"ஊருக்கெல்லாம் பிரிண்ட் போட்டுக் குடுத்தேன்டா, எம்புள்ளைக்கு ஒண்ணுகூடப் போட்டு வைக்கல. எப்படியாவது எடுத்துக் குடுடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

எடுத்தேன். வேலையில் குறை சொல்ல முடியாது. எல்லாம் பழுதில்லாமல் வந்தன. முன்பல் விழுந்த சிரிப்பு, குடைக்குள் ஒளிந்த முகம், என் தோளில் ஏறி என் காதைத் திருகுகிற படம். அந்த ஒன்றில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கும் அவள்மேல் உயிர்தான். பிறகு ஒவ்வொரு படத்தின் புள்ளிகளையும் என் வழக்கப்படி வரிசைப்படுத்தி, பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். டிஸ்கிலும் பழைய படம் ஒன்றுகூட மிஞ்சாதபடி துடைத்தேன்.

அண்ணன் அண்ணியோடு வந்து என் கணினியிலேயே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். "இதுல எம்பொண்ணு எங்கடா?" என்றான்.

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். "இடது ஓரம் கறுப்பா இருக்கே, அது தலைமுடி. நடுவுல வர்றது கன்னம். அந்தக் கடைசி வெளுப்பு பல்லு. கேமராக்காரன்தானே நீ, இதுகூடத் தெரியலையா?"

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் என்னை அடித்தான். அதற்கு நான் புகார் கொடுக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழையபடி மாற்ற முடியாதா என்று நீங்களும் கேட்கிறீர்கள். முடியாது. எந்தப் புள்ளி எங்கே இருந்தது என்பதைச் சேமித்து வைக்க வழி இருந்தது. நான் வைக்கவில்லை. வேண்டுமென்றேதான். ஆனால் அழித்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை, சார். பிள்ளை முழுசாக அங்கேதான் இருக்கிறாள், முன்னைவிட ஒழுங்காக.